அடைக்கலமும் கொலைக்களமும்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதையை அடுத்து நிற்பது கொலைக்களக் காதை. இரண்டிற்கும் இடையே வேறொரு காதை இல்லை. வேற்றூரிலிருந்து வந்தவர்க்கு ஆயர்பாடியில் ஓர் எளிய மனை திறக்கிறது. அதன்பின் அதே ஊரின் தெருவில், வந்தவன் உடலில் வாள் பாய்கிறது. இளங்கோவடிகள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தது கதைப்போக்கின் தேவை மட்டுமன்று. ஓர் ஊர் அயலானை நோக்கும் இருவகைப் பார்வைகளையும் அருகருகே நிறுத்திக் காட்டவே அவ்வாறு வைத்தார் என்பது நம் கருத்து. அக்கருத்தைச் சற்று விரித்துரைத்து, பிற்காலத் தமிழெழுத்து அயலானை எவ்வாறு கண்டது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் தமிழாசிரியர் அல்லோம். மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். இளங்கலை பயின்ற நாளில் கையிலேறிய சிலம்பு பின்னர் இறங்கவில்லை, அவ்வளவே. இங்கு எழுதுவன நம் கருத்தேயன்றி அரசின் கருத்தல்ல என்று சொல்லிவிட வேண்டுவது பணிவிதி. ஆதலின் அதனை முதற்கண் சொல்லிவிட்டோம்.

கோவலன் செய்த குற்றம் யாது?

கோவலன் சோழநாட்டான், பொருளிழந்தவன், பிழைப்பு நாடி மனைவியுடன் பாண்டிநாடு புகுந்தவன். நம் அலுவலகக் கோப்பு நடையில் எழுதினால், 'வேற்று நாட்டினன், நிலையான முகவரி இல்லை, தொழில் இல்லை' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அவன் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. அது தன்னுடையது என்பதற்கு அவனிடம் ஓலையும் இல்லை, சான்றும் இல்லை. அரசியின் சிலம்பைத் தானே களவாடிய பொற்கொல்லன் அவனைக் கண்டதும் தன் குற்றத்தை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்தது என மகிழ்கிறான். ஊடிய அரசியைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த மன்னனோ ஒரு சொல்லும் உசாவாமல் ஆணையிடுகிறான்.

இதன்பின் வரும் பகுதியே அக்காதையில் மிகக் கூர்மையானது. கொல்ல வந்த காவலருள் ஒருவன் கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்கிறான். பொற்கொல்லன் சினக்கவில்லை, சிரித்துக்கொண்டே பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணையாம் என்று களவுநூல் விரிக்கிறான். குற்றமற்ற முகமும் இப்போது குற்றத்தின் அடையாளமாகிவிடுகிறது. நல்லவனாகத் தோன்றுகிறானா? அதுவே தந்திரம். அஞ்சாமல் நிற்கிறானா? அதுவே மந்திரம். இவ்வாறு ஒருவனைச் சொல்லால் முற்றுகையிட்ட பின்னர் அவனுக்கு வெளியேற வழி ஏது? கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான், கதை முடிகிறது.

இங்கு நாம் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, செயலுக்கு முன்னே பெயர் வந்துவிடுகிறது. கோவலன் என்ன செய்தான் என்று எவரும் கேட்கவில்லை. 'கள்வன்' என்ற சொல்லே போதுமாயிற்று. இரண்டாவது, குற்றஞ்சாட்டியவன் அதனால் ஊதியம் பெறுபவன். அரசின் வாள் தனியொருவன் நலத்திற்காகச் சுழல்கிறது. மூன்றாவது, ஐயுற்ற காவலன் ஐயுற்றதோடு நின்றுவிட்டான். அவன் தீயவன் அல்லன், உண்மையைக் கண்டவன், எனினும் வாய் மூடினான். இம்மூவரையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பண்டத்திற்குப் பொறி, மனிதர்க்கு வரவேற்பு

கோவலன் பிறந்த புகாரைப் பாடும் பட்டினப்பாலையை இங்கு ஒப்பிட்டு நோக்குவது தகும். அந்நகரின் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் வந்து குவியும் பண்டங்களின்மேல் சோழனின் புலிப்பொறியை இடுகின்றனர். அதே நூல், பலநாடுகளிலிருந்து பெயர்ந்து வந்த, மொழி பலவாகிய மக்கள் அந்நகரில் கலந்து இனிதே வாழ்ந்ததையும் கூறுகிறது. பொறி பண்டத்திற்கு, மனிதர்க்குப் பொறி இட்டதாகப் புலவர் பாடவில்லை. இன்று நிலைமை தலைகீழ். பண்டங்கள் எல்லை கடக்க நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. மனிதன் கடக்கும்போதுதான் கைரேகையும் கண்பாவையும் கேட்கப்படுகின்றன.

நம் பாட்டனார் கடையத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். அந்நாளில் நெல்லை வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி அரசருடையது. மூன்று ஆட்சிகளைக் கடந்து அவர் வந்தார். சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள், புகையிலை உண்டா என்று கேட்டார்கள், 'நீ யார்?' என்று மட்டும் கேட்கவில்லை என்பார். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கத் தொடங்கியவரின் பேரக்குழந்தைகள் இன்று சுள்ளிக்கல்லில் வாடகைவீட்டில் இருந்து இம்மலருக்குக் கட்டுரை எழுதுகின்றோம். கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியின் மேல் நம் குடும்பம் நிற்கிறது. வேளியில் துணி வெளுக்கும் குடும்பங்களும், பிற தமிழ்க்குடிகளும் பெரும்பாலும் அவ்வாறு வந்தவர்களே.

இந்த ஊரில் நமக்கு வழங்கும் பெயர் 'பாண்டி'. அதனைக் கேட்டு நொந்த அன்பர் பலர் இம்மலரைக் கையிலேந்தியிருப்பர். கோவலனைத் தீர விசாரியாமல் கொன்ற நாட்டின் பெயரே இங்கு நம் அயன்மையைக் குறிக்கும் பெயராய் அமைந்தது வரலாற்றின் நகை போலும். தெருவில் ஒரு செப்புக்குடம் காணாமற்போனால் முதலில் ஐயத்திற்கு உள்ளானவர் ஒருகாலத்தில் நம்மவர். இன்று அவ்விடத்தில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர் நிற்கின்றனர். அவர்களைக் கண்டு கதவைத் தாழிடுவோரில் நாமும் இருக்கின்றோம். இதனையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

காற்றைச் சாட்சிக்கு அழைத்த கவிஞர்

கடல்கடந்து சென்ற தமிழர் துயரைப் புத்திலக்கியத்தில் முதன்முதல் உரத்துச் சொன்னவருள் பாரதியார் தலையாயவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களைப் பற்றிய அவர் பாடலை அறியாத தமிழர் இலர். அப்பாடலில் கவிஞர் காற்றை நோக்கி, அவர்கள் அழுகுரலைக் கேட்டிருப்பாயே என்கிறார். இதனைக் கவிதை மரபு என்று மட்டும் கொண்டால் பாதிப் பொருளே கிட்டும். அப்பெண்களின் முறையீட்டைக் கேட்க ஒரு மன்றம் இல்லை. ஆதலின் கவிஞர் காற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார் என்று கொள்ளுதல் வேண்டும். ஆயினும் அப்பெண்கள் அப்பாட்டில் அழுகின்றனரேயன்றிப் பேசவில்லை. கண்ணகி பேசினாள், தன் ஊரைச் சொன்னாள், பெயரைச் சொன்னாள், வழக்குரைத்தாள். பன்னூறு ஆண்டுகள் கழித்து வந்த பாட்டில் பெண்குரல் விம்மலாகச் சுருங்கியது கவிஞர் குறையன்று. அடிமைப்பட்ட நாட்டின் குறை.

1935-இல் மணிக்கொடியில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இன்னும் ஒருபடி இறங்கிச் செல்கிறது. ஊரில் வாழ வகையற்ற மருதி, ஆள்கட்டுவோன் சொல்லை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டம் சேர்ந்து நோயும் இழிவும் உறுவதை அவர் இரக்கமின்றி எழுதுகிறார். இரக்கமின்றி என்பதைப் புகழ்ச்சியாகவே சொல்கின்றோம். கண்ணீரை வாசகன் சிந்தட்டும் என்று விட்டுவிடும் நடை அது. வெள்ளைத்துரை ஒருவனை மட்டும் குற்றவாளியாக்கித் தப்பித்துக்கொள்ளாமல், அவளை ஊரிலிருந்து துரத்திய சாதியையும் நிலவுடைமையையும் அவர் கூண்டிலேற்றுகிறார். அடைக்கலம் தராத ஊரே முதற் கொலைக்களம் என்பது அக்கதையின் உட்கிடை.

ஆனால் அக்கதையிலும் போதிய அளவு வெளிப்படாத ஒன்று உண்டு. அது தோட்டத்திற்குப் பின்னால் நின்ற சட்டம். இலங்கையில் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளி கடனாளியாகக் கருதப்படவில்லை, குற்றவாளியாகவே கருதப்பட்டான், அவனைச் சிறையிலிடலாம். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதாயின், இவன் பட்ட கடன் இவ்வளவு, இதனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதித்தரும் 'துண்டு' வேண்டும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. இம்முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. முதலாளியின் கணக்கேட்டில் உள்ள கடனுக்கு அரசின் சிறைக்கதவு காவல் நின்றது. பொற்கொல்லனின் நலத்திற்கு அரசனின் வாள் சுழன்றதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

'கள்ளத்தோணி' என்னும் சொல்

மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோயுண்டா என்று சோதிக்கப்பட்டு, கப்பலேறி முறைப்படி சென்றவர்கள் மலையகத் தமிழர். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் அவர்கள். 1948-இல் இலங்கை விடுதலை பெற்ற அதே ஆண்டில் வந்த 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதே ஆண்டின் 20-ஆம் எண் குடிவரவுச் சட்டம், இசைவின்றி வருவோரைக் குற்றவாளியாக்கியது. வடகரைக் கடலில் ஆள் பிடிக்கப் படையும் நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் பரவிய சொல் 'கள்ளத்தோணி'.

இச்சொல்லின் அமைப்பை ஆராய்க. கள்ளம் என்பது தோணிக்கு அடையாய் வந்து, பின் தோணியில் வந்தவனையே குறிக்கும் ஆகுபெயராயிற்று. அதன்பின் தோணியையே கண்டிராத அவன் பேரனுக்கும் பெயராயிற்று. இலங்கையில் பிறந்து இலங்கையில் வளர்ந்த பிள்ளையும் கள்ளத்தோணி! கள்வன் என்ற சொல் கோவலன் ஒருவனோடு முடிந்தது. இது மூன்று தலைமுறை வாழ்ந்தது. அதனினும் கொடிது, இச்சொல்லைத் தமிழராகிய நாமே தமிழரை நோக்கி வழங்கியமை.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அங்கு எஞ்சியோர்க்குக் குடியுரிமை முழுமையாகக் கிட்டியது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். திரும்பியவர்க்கென நம் கேரளத்திலேயே 1976-இல் புனலூரில் இரப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கிருந்து மகள் வீட்டிற்கு வந்து சுள்ளிக்கல்லில் தங்கிய மூதாட்டியார் ஒருவர் நம் மனையாளிடம் ஒருநாள் சொன்னார்: "அங்கே இருந்தப்போ எங்களைக் கள்ளத்தோணின்னாங்க, தாயி. இங்கே வந்த பிறகு சிலோன்காரின்னாங்க. எங்க பேரைச் சொல்லி யாருமே கூப்பிடலை." இலக்கியத் திறனாய்வாளர் நூறு பக்கங்களில் எழுதுவதை அவர் மூன்று வரிகளில் முடித்துவிட்டார்.

தோணியை வேறொரு கண்ணால் கண்டவர் ப. சிங்காரம். 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் போர்க்காலத்தில் சுமத்திராவிலிருந்து பினாங்கு நோக்கித் தொங்கானில் செல்லும் தமிழர்க்குக் கடல் அச்சமூட்டுகிறது. ஆனால் எல்லைக்கோடு அச்சமூட்டவில்லை. வட்டிக்கடைப் பையன்களும் வணிகரும் கடலைத் தெருவாகக் கொண்டு வாழ்ந்த உலகம் அது. தமிழிலக்கியத்தில் தோணி வீரத்தின் ஊர்தியாக விளங்கிய கடைசிப் படைப்புகளுள் அதனை வைக்கலாம். அதன்பின் வந்த எழுத்தில் தோணி ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது.

காவலின் உள்ளிருந்து எழுந்த எழுத்து

மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் 'குடை நிழல்' ஐயத்தின்பேரில் காவலுக்குட்பட்ட ஒரு தமிழரின் நிலையைக் கூறும் நாவல். அதன் தலைப்பிலேயே சிலம்பின் எதிரொலி கேட்கிறது. கண்ணகிமுன் பாண்டியனின் வெண்கொற்றக்குடை தாழ்ந்தது, செங்கோல் தளர்ந்தது, குற்றம் தன்னுடையதே என்று ஏற்று அவன் உயிர்நீத்தான். ஜோசப்பின் குடை தாழ்வதில்லை. அதன் நிழல் குளிர்ச்சியன்றி இருளையே தருகிறது. பிடித்தவன் பிழையை ஒப்பும் அரசன் இல்லாத காலத்தில் வழக்குரை காதையை எழுதுவது எங்ஙனம்? இவ்வினாவே அந்நாவலுக்கு ஆழம் தருகிறது. ஆர்ப்பாட்டமற்ற அதன் நடையும் இதற்குப் பொருந்துவதாகும்.

தமிழல்லாத நூல் ஒன்றையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். குர்திய எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, ஆஸ்திரேலிய அரசால் மானுஸ் தீவில் அடைக்கப்பட்டிருந்தபோது பாரசீக மொழியில் கைப்பேசிச் செய்திகளாக ஒரு நூலை எழுதி அனுப்பினார். ஆங்கிலத்தில் 2018-இல் வெளியான அந்நூல் 2019-இல் விக்டோரிய மாநிலத்தின் உயரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. பரிசு வாங்க ஆசிரியரால் வர இயலவில்லை. அவர் தீவிலேயே இருந்தார். அங்கு அவருக்குப் பெயரில்லை, எம். இ. ஜி. 45 என்பதே அடையாளம். புனலூர் மூதாட்டியாரின் சொல் இங்கும் பொருந்துகிறதன்றோ?

அக்காவல் முகாம்களின் வரலாற்றை அறிவது திறனாய்வுக்கும் தேவை. ஆஸ்திரேலியாவில் இசைவுச்சீட்டின்றி வருவோரைக் காவலில் வைப்பது 1992-இல் கட்டாயமாக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முகாம்களை நடத்துவது தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டது. 2009-இல் செர்கோ என்ற நிறுவனம் அதனை ஏற்றது. அமெரிக்காவில் இசைவின்றி எல்லை கடப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1929-இல் வந்தது. 1983-இல் சிறை நடத்துவதற்கென்றே அங்கு ஒரு நிறுவனம் தோன்றி, அடுத்த ஆண்டே ஹூஸ்டன் நகரில் குடியேறிகளை அடைக்கும் கட்டடத்தைத் திறந்தது. 2009 தொடங்கிச் சில ஆண்டுகள் அந்நாட்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, குடியேறிகளை அடைப்பதற்கு ஏறத்தாழ 34,000 படுக்கைகளை நாள்தோறும் பேண வேண்டும் என்ற வாசகம் இருந்தது. 2017-இல்தான் அது நீக்கப்பட்டது.

கோப்பெழுதும் நமக்கு இவ்வாசகத்தின் பொருள் விளங்காமற் போகாது. விடுதிக்காரனுக்கு அறை காலியாயிருப்பது இழப்பு. சிறையும் விடுதிபோல் ஆள்கணக்கில் ஊதியம் பெறுமாயின், அங்கும் காலியிடம் இழப்பே. பின்னர் 'இவன் கள்வனா?' என்ற கேள்வி எழாது. 'இன்று எத்தனை பேர்?' என்ற கேள்வியே எழும். இளங்கோவடிகளின் பொற்கொல்லன் ஒரு சிலம்பைக் காக்கவே பழிசொன்னான். அவனுக்கு நாள்தோறும் ஒரு கோவலன் தேவைப்படவில்லை.

இதில் தமிழர் பங்கும் சிறிதன்று. 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்னும் கப்பலில் 492 தமிழர் கனடாவை அடைந்து காவலில் வைக்கப்பட்டனர். ஆஸ்திரேலியாவின் பிலோயலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், இரு பெண்குழந்தைகளுடன், 2018 மார்ச்சில் வைகறையில் பிடித்துச் செல்லப்பட்டது. 2019-இல் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அவ்வூர் மக்களோ மறக்கவில்லை. நம் மொழி அறியாதவர்கள், நம் சாதி சமயம் அறியாதவர்கள், ஆண்டுக்கணக்கில் மனு எழுதினர், வழக்குக்குத் துணைநின்றனர். 2022 ஜூனில் அக்குடும்பம் அதே ஊருக்குத் திரும்பியது. அடைக்கலக் காதை இன்றும் எழுதப்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முனம்பத்துத் துறை

இனி நம் வாயிலுக்கு வருவோம். வைப்பின் தீவின் வடகோடியில் பெரியாறு கடலொடு கலக்குமிடம் முனம்பம். 2019 ஜனவரி 12-இல் அங்கிருந்து 'தயாமாதா 2' என்னும் மீன்பிடிப் படகு நூற்றுக்கும் மேற்பட்டோருடன் புறப்பட்டது. நியூசிலாந்து செல்லும் எண்ணம் என்று பின்னர்த் தெரியவந்தது. சென்றவர் பெரும்பாலும் தமிழர், தில்லி அம்பேத்கர் நகரில் வாழ்ந்தவர்களும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்த இலங்கைத் தமிழரும் அதில் இருந்தனர், குழந்தைகளும் இருந்தனர். படகில் இடமின்மையால் விட்டுச்சென்ற பைகள் மாலியங்கரையிலும் கொடுங்கல்லூரிலும் கண்டெடுக்கப்பட்டன. வழக்குப் பதிவாயிற்று, சிலர் கைதாயினர். படகைப் பற்றியோ சென்றவர்களைப் பற்றியோ உறுதியான செய்தி எதுவும் கிட்டவில்லை.

கொடுங்கல்லூர் எது? சேரரின் வஞ்சி அதுவே என்று அறிஞர் பலர் கொண்ட ஊர்; அங்குள்ள பகவதியைக் கண்ணகியோடு இணைத்துப் போற்றும் மரபும் உண்டு. அயலூரில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டவனுக்காக நீதி கேட்டவள் தெய்வமாய் அமர்ந்ததாகச் சொல்லப்படும் ஊரில் குழந்தைகளின் துணிப்பைகள் உரிமையாளரின்றிக் கிடந்தன.

அந்நாளில் நம் சங்கத்தின் திங்கட்கூட்டத்தில் இச்செய்தி பேசப்பட்டது. "கள்ளத்தோணியில போனவங்களுக்கு நாம என்ன சார் செய்ய முடியும்?" என்றார் ஓர் அன்பர். நல்லவர், இரக்கமுள்ளவர். நாமும் 'ஆம்' என்று தலையசைத்தோம். வீடு திரும்பிய இரவில் வழக்கம்போல் சிலம்பைப் புரட்டுகையில் கொலைக்களக் காதையே கண்ணில் பட்டது. இவன் கள்வன் அல்லன் என்று அறிந்தும் ஒதுங்கிய காவலனின் இடத்தில் நம் முகம் இருந்தது. தில்லியிலிருந்து வந்தவர்களும் நம்மைப்போல் பிழைப்பு நாடி ஊர்விட்டுச் சென்றவர்களின் மக்களே. அவர்கள் பாட்டனார் தில்லி வண்டி ஏறினார். நம் பாட்டனார் செங்கோட்டை வண்டி ஏறினார். வேறுபாடு அவ்வளவே.

நம் நாட்டில் காவல் முகாம்களைத் தனியார் நடத்தவில்லை. அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின்கீழ் அமைந்த சிறப்பு முகாம்கள் செங்கற்பட்டிலும் திருச்சியிலும் பிறவிடங்களிலும் இயங்கின. நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னும் உள்ளேயே இருந்தோர் உண்டு. தான் அயலான் அல்லன் என்று மெய்ப்பிக்கும் சுமை ஒருவன் தலையிலேயே வைக்கப்பட்டிருந்தது அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவில். கோவலன் மீதும் இச்சுமையே இருந்தது. அவன் இறந்தபின் கண்ணகி மற்றைச் சிலம்பைக் கொணர்ந்து அதனை இறக்கினாள். 2025 செப்டம்பர் முதல் அச்சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் ஏதிலியர்க்குத் தண்டப் பிரிவுகளிலிருந்து விலக்கும் தரப்பட்டுள்ளது. இது வரவேற்கத்தக்கது. தண்டனையிலிருந்து விலக்கு என்பது வேறு, குடியுரிமை என்பது வேறு என்பதையும் மறத்தலாகாது.

முடிவுரை

நம் இலக்கியத்தின் மீது நாம் கூறும் குறை இதுவே. கடல்கடந்து போன தமிழனுக்காக அழுத நம் எழுத்து, கடல்கடந்து நம் கரைக்கு வந்து முகாமில் இருக்கும் தமிழனைப் பற்றிக் குறைவாகவே பேசியுள்ளது. தமிழன் அல்லாத அயலானைப் பற்றியோ அதனினும் குறைவாகவே பேசியுள்ளது. புலம்பல் இலக்கியம் நம்மிடம் நிறைய உண்டு; வழக்குரை இலக்கியம் குறைவு. புலம்பல் அயலானை நம் இரக்கத்திற்கு உரியவனாக்கும். வழக்குரையோ அவனை நம் விசாரணைக்கு உரியவனாக்கும், அஃதாவது, அவன் பக்கத்தைக் கேட்கும் கடமையை நம்மீது சுமத்தும்.

சிலம்பில் ஐயுற்ற காவலன் என்னவானான் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. மாதரியைப் பற்றிச் சொல்கிறார். அவள் ஆயர்குலத்து முதுமகள். படிப்பும் பதவியும் அற்றவள். தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களைக் காக்க இயலவில்லையே என்று நள்ளிரவில் தீப்புகுந்தாள். அவள் செயலை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அவள் கொண்ட பொறுப்பைப் பின்பற்றலாம். அதற்கு முதற்படி எளியது. அடுத்தமுறை நம் கூட்டத்திலோ, பங்கீட்டுக் கடை வரிசையிலோ, நம் வீட்டுக் கூடத்திலோ 'கள்ளத்தோணி' என்றோ 'எங்கிருந்தோ வந்தவன்' என்றோ ஒருவர் சொன்னால், தலையசைக்காமல் இருப்போம். அவர் பெயர் என்ன, ஊர் எது, என்ன நேர்ந்தது என்று கேட்போம். கொலைக்களத்தில் கேட்கப்படாத கேள்விகள் அவைதாம்.